ஏர்பேக் லைட் அணையலையா? அறிகுறிய வெச்சு காரணத்த புடிக்கிற வழி

கார் எலக்ட்ரிக்கல் வேலைக்கு வர்ற வண்டிங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற கம்ப்ளெயின்ட் இந்த ஏர்பேக் லைட்தான். வண்டி ஓட்டத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது, ஏசி ஓடுது, பிரேக் புடிக்குது, அதனால மாசக்கணக்கா அப்படியே விட்டுடுறாங்க. ஆனா அந்த லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்தா சிஸ்டம் முழுசாவோ ஒரு பகுதியோ வேலை செய்யாம இருக்கலாம், மோதுற நேரத்துல பை விரியும்னு நம்ப முடியாது. இன்னொரு பக்கம், லைட் வந்த ஒடனே ஏர்பேக்கே போச்சுன்னு பயந்து பெரிய செலவுக்கு ரெடியாகுறவங்களும் இருக்காங்க. பெரும்பாலும் அந்த அளவுக்கு போகவே வேண்டியிருக்காது, காரணம் ஒரு கனெக்டர்லயோ ஒரு ஒயர்லயோ இருக்கும்.

ஏன் கனெக்டர்ன்னு மட்டும் சொல்லிடுறேன், வேற தியரி எதுவும் இல்ல. ஒவ்வொரு ஏர்பேக்குக்கு பின்னாடியும், சீட் பெல்ட்ட வெடுக்குன்னு உள்ள இழுக்குற ப்ரீடென்ஷனருக்குள்ளயும் கரண்ட் குடுத்தா பத்திக்கிற ஒரு சின்ன இனிஷியேட்டர் இருக்கு, தொழில்ல ஸ்குவிப்னு சொல்லுவோம். அதோட ரெசிஸ்டன்ஸ் சாதாரணமா 2 ஓம் பக்கம். நடுவுல இருக்குற கன்ட்ரோல் பெட்டி, சாவி போட்ட நேரத்துலேர்ந்து அந்த ஒயர்ங்கள பாத்துக்கிட்டே இருக்கும். ஹெட்லைட் கனெக்டர்ல லேசா துரு இருந்தா வெளிச்சம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான், யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க. ஆனா மொத்தமே 2 ஓம் இருக்குற எடத்துல அதே துரு இன்னொரு 1 ஓம், 2 ஓம் சேத்துட்டா பெட்டிக்கு அது பெரிய வித்தியாசம், ஒடனே லைட்ட போட்டுடும்.

## கை வைக்குறதுக்கு முன்னாடி, இத விட்டுட்டு கீழ போகாதீங்க

சாவிய ஆஃப் பண்ணுங்க, பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினல கழட்டி அது திரும்ப போய் ஒட்டாத மாதிரி ஓரமா வெச்சிடுங்க. அதுக்கப்புறம் காத்திருங்க. மோதும்போது பேட்டரி அறுந்துட்டாலும் பை விரியணும்ங்குறதுக்காக பெட்டிக்குள்ள கெபாசிட்டர்ல கொஞ்சம் கரண்ட் சேத்து வெச்சிருப்பாங்க, அது காலியாக நேரம் வேணும். சில கம்பெனி மேனுவல்ல 90 செகண்ட், சிலதுல 3 நிமிஷம், சிலதுல அதுக்கும் மேல. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாருங்க, கிடைக்கலன்னா 10 நிமிஷம் விட்டுடுங்க, நஷ்டம் ஒண்ணும் இல்ல.

மல்டிமீட்டர ஓம்ஸ்ல வெச்சு ஏர்பேக்லயோ ப்ரீடென்ஷனர்லயோ நேரா அளக்கவே அளக்காதீங்க. மீட்டர் ரெசிஸ்டன்ஸ் அளக்கறதே உள்ள கொஞ்சம் கரண்ட் விட்டுத்தான், அந்தப்பக்கம் இருக்குறது கரண்ட்ல பத்திக்கிற பொருள். டெஸ்ட் லைட்டும் அதே மாதிரிதான், கிட்டயே கொண்டு போகக்கூடாது. "நான் எத்தனையோ தடவ அளந்திருக்கேன், ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க, ஏர்பேக் விரியறது ஒரு செகண்டுல இருபதுல ஒரு பங்கு நேரத்துக்குள்ள முடிஞ்சிரும், கைய எடுக்கலாம்னு நெனைக்கறதுக்கே நேரம் கெடையாது.

மஞ்சள் கலர் கனெக்டர், மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒயர், இதெல்லாம் ஏர்பேக் லைன்னு அர்த்தம் (எல்லா வண்டியிலயும் மஞ்சளாத்தான் இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டு நம்பாதீங்க, ஆனா பெரும்பாலும் மஞ்சள்தான்). அந்த லைன்ல ஒயர வெட்டி ஒட்டறது, சால்டர் பண்றது, டேப் சுத்தறது எதுவும் வேணாம்.

## ஸ்கேனர் இல்லாம பார்ட்ஸ் வாங்காதீங்க

வண்டியில எங்க கோளாறுன்னு பெட்டி ஒரு கோட் நம்பரா பதிஞ்சு வெக்கும், அத படிக்கிற கருவிதான் ஸ்கேனர். மலிவா கிடைக்குற ப்ளூடூத் ஓபிடி ரீடர்ல (போன்ல கோட் காட்டுற சின்ன ஸ்கேனர்) பெரும்பாலும் இன்ஜின் கோட் மட்டும்தான் வரும், அதாவது P0-ன்னு ஆரம்பிக்கிற பவர்ட்ரெயின் கோடுங்க. ஏர்பேக் கோடுங்க B-ன்னு ஆரம்பிக்கிற பாடி வகை, அத படிக்க எஸ்ஆர்எஸ் (ஏர்பேக் சிஸ்டத்துக்கு இன்னொரு பேரு) சப்போர்ட் பண்ற ஸ்கேனர் வேணும். "என் ரீடர்ல கோடே இல்லன்னு காட்டுது"ன்னு வர்றவங்கள்ல நெறைய பேருக்கு ரீடர் அந்த பெட்டிகிட்ட பேசவே இல்ல, அவ்வளவுதான் விஷயம்.

கோட படிச்சதும் மூணு விஷயத்த எழுதி வெச்சுக்குங்க: எந்த சர்க்யூட் (டிரைவர் ஏர்பேக், பாசஞ்சர், சைடு, ப்ரீடென்ஷனர், சென்சார்), என்ன வகை (ரெசிஸ்டன்ஸ் அதிகம், கம்மி, கிரவுண்டுக்கு ஷார்ட், பேட்டரிக்கு ஷார்ட்), இப்போ இருக்குறதா பழசா. ரெசிஸ்டன்ஸ் அதிகம்னோ ஓப்பன்னோ (லைன் விட்டுப்போச்சு) வந்தா கனெக்டர் லூசு, துரு, ஒயர் அறுந்தது. கம்மின்னு வந்தா ஒயர் நசுங்கி ஒட்டிக்கிச்சு, இல்ல கனெக்டருக்குள்ள இருக்குற ஷார்ட்டிங் கிளிப் வெலகாம நிக்குது. கனெக்டர கழட்டினதும் தானா ரெண்டு பின்னையும் சேத்து புடிச்சிக்கிற ஒரு மெல்லிசான கிளிப் அது, ஸ்டாட்டிக்னால தப்பா பத்திக்கக்கூடாதுன்னு வெச்சது, கனெக்டர் முழுசா உள்ள போய் உக்காந்தாத்தான் அது வெலகும். பாதி மாட்டின கனெக்டர்னாலயே "ரெசிஸ்டன்ஸ் கம்மி" கோட் வர்றது ரொம்ப சகஜம்.

## அறிகுறி: சாவி போட்டதும் எரியுது, கொஞ்ச செகண்ட்ல அணைஞ்சிடுது

இது ரிப்பேரே இல்ல. பெட்டி தன்னத்தானே செக் பண்ணிக்குது, நெறைய வண்டியில 6 செகண்ட் பக்கம் எரிஞ்சு அணையும். அணைஞ்சு ஒடனே திரும்ப எரிஞ்சா மட்டும் கீழ படிங்க.

## அறிகுறி: ஏதோ ஒரு வேலை பாத்தப்புறம் லைட் வந்தது

முதல்ல யோசிக்க வேண்டியது இதுதான், நேத்து வரைக்கும் இல்லாதது இன்னிக்கு வந்திருக்குன்னா நடுவுல யாரு எத தொட்டாங்க?

### பேட்டரி இறங்கிப்போய் ஜம்ப் ஸ்டார்ட் பண்ணது, புது பேட்டரி போட்டது

வோல்ட்டேஜ் ரொம்ப கம்மியானப்போ பெட்டி ஒரு கோட் போட்டு வெச்சிருக்கும். பேட்டரி நல்லா சார்ஜ் ஆகட்டும், டெர்மினல் ரெண்டும் டைட்டா சுத்தமா இருக்கான்னு பாருங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினல்ல சுமார் 13.5லேர்ந்து 14.7 வோல்ட் வரணும் (சார்ஜிங்க கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துற புது வண்டிங்கள்ல கொஞ்சம் ஏறி எறங்கும்). அது சரியா இருந்தா ஸ்கேனர்ல கோட அழிச்சிடுங்க, திரும்ப வரலன்னா முடிஞ்சது. பேட்டரி கழட்டி மாட்டினா கோட் போயிடும்னு இன்ஜின் லைட்ட வெச்சு சொல்லுவாங்க, ஏர்பேக் பெட்டியில அது நடக்காது, கோட் உள்ளயே பதிஞ்சிருக்கும்.

### சீட்ட கழட்டி கிளீனிங் பண்ணது

சீட்டு வெளிய இருக்கும்போது யாரோ பாட்டு கேக்கவோ கண்ணாடி இறக்கவோ சாவி போட்டிருப்பாங்க, அந்த செகண்டே "சீட் ஏர்பேக் ஓப்பன்"னு கோட் பதிஞ்சிடும். திரும்ப எல்லாத்தையும் சரியா மாட்டியிருந்தாலும் சில வண்டியில லைட் தானா அணையாது. கோட் பழசுன்னு காட்டினா அழிச்சா போதும். இப்போவும் இருக்குன்னு காட்டினா கனெக்டர் முழுசா உக்காரல, சீட்டுக்கடியில போய் பாருங்க, அதப்பத்தி கீழ தனியா எழுதியிருக்கேன்.

### ஸ்டியரிங், ஆடியோ, டேஷ்போர்டு வேலை பாத்தது

ஸ்டியரிங்க கழட்டியிருந்தா அடுத்த அறிகுறிக்கு போங்க. ஆடியோ மாத்தினவங்க சில சமயம் பாசஞ்சர் ஏர்பேக்குக்கு போற ஒயர எடைஞ்சலா இருக்குன்னு தள்ளி விட்டிருப்பாங்க, இல்ல பிராக்கெட் ஸ்க்ரூ அது மேலயே ஏறியிருக்கும். இது வேலை பாத்தவங்களையே திரும்ப திறந்து பாக்க சொல்ல வேண்டிய விஷயம், டேஷ்போர்டுக்குள்ள நீங்களா கை விட வேணாம்.

## அறிகுறி: லைட் எரியுது, ஹாரனும் அடிக்கல, ஸ்டியரிங் பட்டனும் வேலை செய்யல

இந்த மூணும் சேந்து வந்தா கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம், கிளாக் ஸ்பிரிங். ஸ்டியரிங் வீலுக்கு பின்னாடி ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள சினிமா ஃபிலிம் மாதிரி தட்டையான ஒரு கேபிள் சுருண்டு கெடக்கும். ஸ்டியரிங்க திருப்ப திருப்ப அது சுருங்கி விரியும், வருஷக்கணக்கா அப்படி சுருங்கி விரிஞ்சு ஒரு எடத்துல மடங்கி விரிசல் விடும். ஆரம்பத்துல ஸ்டியரிங்க ஒரு பக்கம் முழுசா ஒடிச்சா மட்டும் லைட் வரும், நேராக்கினா போயிடும் (கோட் பழசா பதிஞ்சிருக்கும்). ஒடிக்கும்போது வீலுக்கு பின்னாடி சரசரன்னு காகிதம் உரசுற சத்தம் கேட்டா அந்த கேபிள்தான்.

மொதல்ல ஹாரன் ஃப்யூஸ பாருங்க. ஹாரன் மட்டும் அடிக்காம இருக்க ஃப்யூஸே காரணமா இருக்கலாம், அது ரெண்டு தனித்தனி பிரச்சனை ஒரே நேரத்துல வந்ததா ஆயிடும். ஃப்யூஸ் நல்லா இருந்து, ஸ்கேனர்லயும் டிரைவர் ஏர்பேக் சர்க்யூட்ல ரெசிஸ்டன்ஸ் அதிகம்னு வந்தா (B0001ங்குறது அந்த டிரைவர் முன்பக்க ஏர்பேக்கோட முதல் ஸ்டேஜ் சர்க்யூட் கோட், சில கம்பெனிங்க தங்களோட சொந்த நம்பர் வெச்சிருப்பாங்க) கிளாக் ஸ்பிரிங்க மாத்த வேண்டியதுதான்.

இத யாரு பண்ணணும்? டிரைவர் ஏர்பேக்க கழட்டித்தான் அங்க போக முடியும், அதனால பழகினவங்க கையில விடுங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா வேலை சரியா நடந்துச்சான்னு நீங்க பாத்துக்கலாம். முன் சக்கரம் நேரா இருக்கும்போதுதான் கழட்டணும். புது கிளாக் ஸ்பிரிங் நடுநிலையில லாக் பண்ணி வரும், மாட்டி முடிச்சப்புறம்தான் அந்த லாக்க எடுக்கணும். நடு தவறி மாட்டினா மொத தடவ முழுசா ஒரு பக்கம் ஒடிச்சதும் கேபிள் பிச்சிக்கும், புது பார்ட்டு அன்னிக்கே போச்சு. கழட்டின ஏர்பேக்க மூஞ்சி மேல பாத்த மாதிரிதான் டேபிள்ல வைக்கணும், தூக்கிக்கிட்டு போகும்போது மூஞ்சிப் பக்கம் ஒடம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும். கவுத்துப் போட்டா, தப்பித்தவறி விரிஞ்சா அந்த மொத்த எடையும் மேல பறக்கும். இந்த ஒரு விஷயத்துல கவனமா இருக்குற மெக்கானிக்க பாத்தா மத்த வேலையையும் நம்பி குடுக்கலாம்.

இன்னொண்ணு, ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் சில வண்டியில இந்த டப்பாவோடயே சேந்து இருக்கும். அப்போ மாத்தினப்புறம் ஸ்கேனர்ல ஜீரோ செட் பண்ணணும், இல்லன்னா ஏர்பேக் லைட் அணைஞ்சு இஎஸ்பி லைட் (வண்டி சறுக்காம பாத்துக்குற சிஸ்டத்தோட லைட்) புதுசா வந்து நிக்கும்.

## அறிகுறி: லைட் விட்டு விட்டு வருது, சீட்ட நகத்தினா வருது போகுது

எனக்கு தெரிஞ்சு ரொம்ப அதிகமா வர்ற காரணம் இதுதான், ரொம்ப சுலபமா சரியாகுறதும் இதுதான். முன் சீட்டுக்கடியில சைடு ஏர்பேக், பெல்ட் பக்கிள் சுவிட்ச், ஆள் உக்காந்திருக்காங்களான்னு பாக்குற சென்சார் எல்லாத்துக்குமான ஒயர் கார்ப்பெட்லேர்ந்து சீட்டுக்கு ஏறும். சீட்டு முன்ன பின்ன போகும்போதெல்லாம் அந்த ஒயர் இழுபடும். அதுக்கும் மேல நாம சீட்டுக்கடியில குடை, தண்ணி பாட்டில், செருப்பு, குழந்தைங்க பொம்மைன்னு எதையாவது தள்ளி வெச்சிருப்போம், வேக்குவம் கிளீனர் முனைய விட்டு குடைவோம்.

பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு, காத்திருந்துட்டு, டார்ச் அடிச்சு குனிஞ்சு பாருங்க (எலக்ட்ரிக் சீட்டா இருந்தா பேட்டரி கழட்டறதுக்கு முன்னாடியே சீட்ட நல்லா பின்னாடி தள்ளிடுங்க, அப்புறம் நகராது).

கீழ கெடக்குற சாமான எல்லாம் வெளிய எடுங்க. மஞ்சள் கனெக்டரோட லாக் முழுசா மூடியிருக்கா? கனெக்டர் தன்னோட கிளிப்ல இருக்கா, இல்ல தொங்கிக்கிட்டு இருக்கா? ஒயர் சீட் ரெயில்ல நசுங்கி தோல் உரிஞ்சிருக்கா? தண்ணி, ஜூஸ் சிந்தின கறை, பின்னுல பச்சையா வெள்ளையா பூத்த மாதிரி ஏதாவது?

லாக் மட்டும் வெலகியிருந்தா அழுத்தி கிளிக்னு உக்காரவெச்சிடுங்க. பின்னுல துரு இருந்தா எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் வெச்சு சுத்தம் பண்ணலாம், நல்லா காஞ்சப்புறம்தான் மாட்டணும். கத்தி, உப்புத்தாள் போட்டு சுரண்டாதீங்க, மேல பூசியிருக்குற மெல்லிசான பூச்சு போச்சுன்னா அடுத்த மழைக்கே திரும்ப துரு புடிக்கும். பின் வளைஞ்சிருந்தாலும் ஒயர் தோல் உரிஞ்சிருந்தாலும் அங்கயே நிறுத்திக்கங்க, அதுக்குன்னே கம்பெனி தர்ற ரிப்பேர் ஒயர் செட் போடணும், இல்ல ஹார்னெஸ (அந்த ஒயர் தொகுப்பையே) மாத்தணும். இந்த கனெக்டர எடுத்துட்டு நேரா சால்டர் பண்ணிடலாம்னு சில பேரு ஆலோசனை சொல்லுவாங்க, அப்படி பண்ணா ஷார்ட்டிங் கிளிப்போட பாதுகாப்பும் போயிடுது, நாளைக்கு சீட்ட கழட்டறவன் ஒயர வெட்டற நெலமை வரும், ஸ்குவிப்போட இருக்குற ஒயர வெட்டறது எவ்வளவு ஆபத்துன்னு சொல்லவே வேணாம்.

எல்லாம் முடிஞ்சு பேட்டரி மாட்டி சாவி போடும்போது வண்டிக்குள்ள யாரும் உக்காந்திருக்க வேணாம், கதவுக்கு வெளியே நின்னு, ஏர்பேக்குக்கு நேரா தலைய நீட்டாம கைய மட்டும் விட்டு சாவிய போடுங்க. எந்த ஏர்பேக் வேலைக்கு அப்புறமும் இதுதான் வழக்கம்.

## அறிகுறி: ஏர்பேக் லைட்டோட பெல்ட் லைட்டும் தப்பா காட்டுது

பெல்ட் போட்டும் போடலன்னு காட்டுதுன்னா பக்கிளுக்குள்ள இருக்குற சுவிட்ச். காசு, பிஸ்கட் தூள், முடி உள்ள போய் மாட்டியிருக்கும், ஒட்டிக்கிற பானம் சிந்தியிருந்தா இன்னும் மோசம். டார்ச் அடிச்சு பாருங்க, பேட்டரிய கழட்டிட்டு மெல்லிசான குழாய் வெச்ச வேக்குவம்ல உறிஞ்சி பாருங்க. டபிள்யூடி-40 மாதிரி எண்ணெய் எதையும் உள்ள அடிக்காதீங்க, தூசி இன்னும் அதிகமா ஒட்டும். சரியாகலன்னா பக்கிள் மாத்தணும், சில வண்டியில ப்ரீடென்ஷனரே பக்கிளோட சேந்து இருக்கும், அப்போ அதுவும் பத்திக்கிற பொருள்தான், கழட்டறது தெரிஞ்சவங்க வேலை.

பெல்ட்ட இழுத்தா வரவே இல்ல, இல்ல உள்ள திரும்ப போகவே இல்ல, பக்கிள் வழக்கத்தவிட கீழ இறங்கி இருக்குன்னா ப்ரீடென்ஷனர் எப்பவோ வெடிச்சு முடிஞ்சிருக்கும். அது ஒரு தடவைக்குத்தான், மாத்தறத தவிர வழி இல்ல.

## அறிகுறி: மழைக்கப்புறம், வாட்டர் வாஷுக்கப்புறம் லைட் வருது

முன்பக்க மோதல் சென்சார் ரேடியேட்டர் சட்டத்துலயோ பம்பருக்கு பின்னாடியோ இருக்கும், தண்ணி, சேறு எல்லாம் நேரா அங்கதான் அடிக்கும். ப்ரெஷர் வாஷர கிரில் வழியா கிட்ட வெச்சு அடிச்சாலும் போச்சு. கோட் முன் சென்சார்னு சொன்னா, பேட்டரிய கழட்டிட்டு அந்த கனெக்டர்ல தண்ணி, துரு, எலி கடிச்ச தடம் இருக்கான்னு பாருங்க. சென்சார் போல்ட் டைட்டா இருக்கான்னும் பாருங்க, சென்சார் உக்காந்திருக்குற சட்டம் நசுங்கியிருந்தா சென்சார் நல்லா இருந்தாலும் அது பாக்குற தெசை தப்பாயிடும், அது பாடி வேலை.

இதவிட மோசமானது கார்ப்பெட்டுக்கடியில தேங்குற தண்ணி. நெறைய வண்டியில ஏர்பேக் பெட்டி நடு கன்சோலுக்கு கீழ தரையில உக்காந்திருக்கும். ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைச்சாலோ சன்ரூஃப் தண்ணி குழாய் அடைச்சாலோ தண்ணி உள்ளயே எறங்கும். மேல தொட்டுப் பாத்தா கார்ப்பெட் காஞ்ச மாதிரியே இருக்கும், கீழ இருக்குற ஃபோம் தண்ணிய குடிச்சுட்டு கெடக்கும். கன்சோல் ஓரமா கார்ப்பெட்ட கையால நல்லா அழுத்துங்க, ஈரம் தெரிஞ்சா, இல்ல வண்டிக்குள்ள புளிச்ச வாடை இருந்தா, மொதல்ல தண்ணி வர்ற வழிய அடைக்கணும், அப்புறம்தான் லைட்டு. வழிய அடைக்காம பெட்டிய மட்டும் மாத்தினா புது பெட்டியும் அதே தண்ணியிலதான் உக்காரும்.

வண்டி வெள்ளத்துல மாட்டி தண்ணி சீட்டு வரைக்கும் ஏறியிருந்தா சாவியே போடாதீங்க, டோ பண்ணி எடுத்துட்டு போங்க.

## அறிகுறி: பாசஞ்சர் ஏர்பேக் ஆஃப்னு காட்டுது

சீட்டு காலியா இருக்கும்போது, குழந்தை உக்காந்திருக்கும்போது இந்த வசதி இருக்குற வண்டிங்க அப்படித்தான் காட்டும். பெரியவங்க உக்காந்தும் ஆஃப்னே இருந்தா: அவங்க ஓரமா சாஞ்சு உக்காந்திருக்காங்களா, சீட்டு மேல தடி குஷன் போட்டிருக்கா, சீட்டுக்கடியில ஏதாவது சீட்ட மேல முட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. சில வண்டியில டேஷ்போர்டு ஓரத்துல சாவி போட்டு ஆஃப் பண்ற சுவிட்சே இருக்கும், யாராவது ஆஃப் பண்ணி மறந்திருக்கலாம். இதெல்லாம் இல்லன்னா சீட்டுக்குள்ள இருக்குற சென்சார் மேட், அது சீட்டோட சேத்து கேலிபரேஷன் பண்ற வேலை, வெளிய குடுங்க. பின்னாடி பாத்து உக்கார்ற குழந்தை சீட்ட, ஏர்பேக் ஆன்ல இருக்குற முன் சீட்டுல வைக்கவே வைக்காதீங்க.

சீட் கவர் பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். சீட் ஓரத்துல ஏர்பேக்னு சின்ன டேக் தெச்சிருந்தா அந்த தையல் வழியாத்தான் பை வெளிய வரும், இறுக்கமான கவர் அத அமுக்கிடும். இதுக்கு எந்த லைட்டும் வராது.

## அறிகுறி: மோதினப்புறம் லைட் அணையல

பை எதுவும் விரியலன்னா மொதல்ல மோதின பக்கத்து சென்சாரும் ஒயரும், அப்புறம் ப்ரீடென்ஷனர். பை விரியாமலே ப்ரீடென்ஷனர் மட்டும் வேலை செஞ்சிருக்கறது நடக்கக்கூடியதுதான்.

பை விரிஞ்சிருந்தா வீட்டுல பாக்க வேண்டியது எதுவும் இல்ல. பெட்டியில கிராஷ் டேட்டா பதிஞ்சிருக்கும், சாதாரணமா அழிக்குற மாதிரி அழியாது, கம்பெனி மேனுவல்ல பெட்டிய மாத்தத்தான் சொல்லுவாங்க. கூடவே விரிஞ்ச பை, ப்ரீடென்ஷனர், சென்சார், பல நேரம் கிளாக் ஸ்பிரிங், டேஷ்போர்டு மூடி. வண்டி ஸ்டார்ட்டே ஆகலன்னா ஆச்சரியப்படாதீங்க, சில வண்டியில பேட்டரி பாசிட்டிவ் டெர்மினல்லயே ஒரு சின்ன வெடி வெச்சு மோதினதும் கேபிள துண்டிச்சிடும். எலக்ட்ரிக் கார் நெறையவற்றுல பெரிய பேட்டரிக்கும் அதே மாதிரி ஃப்யூஸ் இருக்கு. அங்க ஆரஞ்சு கலர் கேபிள் எதையும் தொடாதீங்க, அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்கதான் பாக்கணும்.

## அறிகுறி: சாவி போட்டா லைட் எரியவே மாட்டேங்குது

இதுக்குத்தான் நான் ரொம்ப பயப்படுவேன், ஆனா வண்டி வெச்சிருக்குறவங்க யாரும் இத கம்ப்ளெயின்டாவே சொல்றதில்ல, லைட் இல்லன்னா நல்லதுதானேன்னு நெனைச்சுக்குறாங்க. சாவி போட்டதும் கொஞ்ச செகண்ட் கண்டிப்பா எரியணும். எரியலன்னா ஒண்ணு பல்பு போச்சு, இல்ல யாரோ வேணும்னே பல்ப எடுத்திருக்காங்க, மேல கருப்பு டேப் ஒட்டியிருக்காங்க.

பழைய வண்டி வாங்கும்போது இத கட்டாயம் பாருங்க. சாவிய ஆன்ல வெச்சு (இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம) லைட்டுங்கள ஒண்ணொண்ணா கவனிங்க. ஏர்பேக் லைட் தனியா எரிஞ்சு தனியா அணையணும். ஆயில் லைட்டோ பேட்டரி லைட்டோ அணையுற அதே நொடியில அதுவும் சேந்து அணைஞ்சா, அந்த லைட்டோட ஒயரயே இதுக்கும் குடுத்து ஏமாத்தியிருக்க வாய்ப்பு இருக்கு.

லைட் சரியா எரிஞ்சு அணைஞ்சாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாத ஒரு கேஸ் இருக்கு. விரிஞ்சு போன ஏர்பேக்க மாத்தாம அந்த எடத்துல ஒரு ரெசிஸ்டர மாட்டிட்டு மூடிய மட்டும் புதுசா போட்டு வித்துடுறாங்க. பெட்டி ரெசிஸ்டன்ஸ மட்டும்தானே பாக்குது, அதுக்கு எல்லாம் சரியா இருக்குன்னே தோணும், ஸ்கேனர்லயும் கோட் வராது. இத பண்றவங்க ஒருத்தரோட உயிர வெச்சு லாபம் பாக்குறாங்க, இதுல வேற வார்த்தை எனக்கு இல்ல. வெளியிலேர்ந்து பாக்க முடிஞ்சது: ஸ்டியரிங் மூடியும் டேஷ்போர்டு மூடியும் மத்த பிளாஸ்டிக்கோட கலர், புள்ளி டிசைன் ஒத்துப்போகுதா, ஓரத்துல இடைவெளி ஒரே மாதிரி இருக்கா, ஏர்பேக் எழுத்து அழுத்தமா பதிஞ்சிருக்கா, டேஷ்போர்டுல ஃபைபர் ஒட்டி பெயின்ட் அடிச்ச தடம் இருக்கா. பெல்ட்ட முழுசா வெளிய இழுத்து அடியில தெச்சிருக்குற லேபிள்ல இருக்குற வருஷம் வண்டி வருஷத்தோட பொருந்துதான்னு பாருங்க. ஏதாவது ஒண்ணு இடிச்சாலும், மூடிய திறந்து உள்ள உண்மையான ஏர்பேக் இருக்கான்னு ஆத்தரைஸ்டு சர்வீஸ்ல பாக்க சொல்லிட்டு அப்புறம் காசு குடுங்க.

## அறிகுறி: ஸ்கேனர் எஸ்ஆர்எஸ் பெட்டிகிட்ட பேசவே மாட்டேங்குது

ஃப்யூஸ் மொதல்ல, ஃப்யூஸ் பெட்டி மூடியிலயே எஸ்ஆர்எஸ்னோ ஏர்பேக்னோ எழுதியிருக்கும். திரும்ப திரும்ப எரிஞ்சா பெரிய ஆம்பியர் போடாதீங்க, எங்கயோ ஷார்ட் இருக்கு. ஃப்யூஸ் நல்லா இருந்தா பேட்டரி வோல்ட்டேஜ், அப்புறம் வேற ஒரு ஸ்கேனர், சிலது சில கம்பெனி வண்டிய படிக்காது. அதுக்கப்புறம் பெட்டியோட பவர், கிரவுண்ட், கடைசியா பெட்டியே. பெட்டிய சாவி ஆன்ல இருக்கும்போது கழட்டறதோ தட்டறதோ கூடாது, அதுக்குள்ளயே மோதல உணர்ற சென்சார் இருக்கு. வேற வண்டியிலேர்ந்து எடுத்த பெட்டிய அப்படியே மாட்டறதும் வேணாம், எத்தனை ஏர்பேக், எந்த மாடல்னு கோடிங் ஒத்துப்போகணும்.

## லைட்டே வராத ஒரு பிரச்சனை: ரீகால்

இதுவரைக்கும் சொன்னதுல பெரும்பாலானது பெட்டி கண்டுபுடிக்கக்கூடியது. டகாட்டா கம்பெனி செஞ்ச இன்ஃப்ளேட்டர் (பைய ஊத வெக்கிற கேஸ் டப்பா) பிரச்சனைய பெட்டியால பாக்கவே முடியாது, ஏன்னா ஒயரும் ஸ்குவிப்பும் அங்க நல்லாத்தான் இருக்கும். உள்ள இருக்குற அம்மோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கா சூட்டுலயும் ஈரக்காத்துலயும் கெட்டுப்போய், பை விரியுற நேரத்துல அளவுக்கு மீறி வேகமா எரிஞ்சு இரும்பு டப்பாவையே சிதறடிச்சது, துண்டுங்க ஆளு மேல பாஞ்சு உயிர்கள் போச்சு. அமெரிக்காவுல மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக் திரும்ப கூப்பிடப்பட்டது, 2017ல அந்த கம்பெனி திவால் மனு குடுத்தது. ஹோண்டா, டொயோட்டா, பிஎம்டபிள்யூன்னு நெறைய கம்பெனி வண்டி இதுல இருந்துச்சு.

உங்க வண்டியோட 17 எழுத்து விஐஎன் நம்பர (சேசிஸ் நம்பர்னும் சொல்லுவாங்க, விண்ட்ஷீல்டு கீழ் ஓரத்துலயோ கதவு தூண்லயோ ஆர்சி புக்லயோ இருக்கும்) கம்பெனியோட ரீகால் பக்கத்துல போட்டு பாருங்க. பழைய வண்டி கை மாறி கை மாறி வந்திருந்தா லெட்டர் பழைய ஓனருக்கு போயிருக்கும், நமக்கு தெரிஞ்சிருக்காது. ரீகால் வேலைக்கு நம்மகிட்ட காசு வாங்க மாட்டாங்க. ஓட்டாதீங்கன்னு போட்டிருந்தா நெசமாவே ஓட்டாதீங்க.

## மெக்கானிக்கிட்ட குடுக்கும்போது

ஏர்பேக் லைட்னு மட்டும் சொல்லாதீங்க. எப்போ வருது, சீட்டு நகத்தும்போதா, ஒடிக்கும்போதா, மழைக்கப்புறமா, அதுக்கு முன்னாடி என்ன வேலை நடந்துச்சு, இதோட நீங்க எழுதி வெச்ச கோட் எல்லாத்தையும் குடுங்க. கோட அழிச்சுட்டு கொண்டு போகாதீங்க, அவருக்கு இருக்குற ஒரே தடயம் அதுதான். கோட் படிக்காமலே "பெட்டிய மாத்திடலாம்"னு ஆரம்பிக்கிறவர்கிட்ட வண்டிய விடாதீங்க.

கழட்டின ஏர்பேக், ப்ரீடென்ஷனர் எதையும் வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, குப்பையில போடாதீங்க, பழைய இரும்புக்கு போடாதீங்க, விரியாத ஏர்பேக் இன்னமும் உயிரோட இருக்குற வெடிப்பொருள், அத அழிக்க சர்வீஸ் சென்டர்ல தனி முறை இருக்கு. வண்டிய எடுக்கும்போது புது பார்ட்டோட நம்பர் பில்லுல இருக்கான்னு பாருங்க, வேலைக்கப்புறம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்ட கேளுங்க, அவர் முன்னாடியே சாவி போட்டு லைட் எரிஞ்சு அணையுதான்னு பாத்துடுங்க. ஒரு வாரம் ஓட்டினப்புறம் இன்னொரு தடவ ஸ்கேன் பண்ணி பழைய கோட் எதுவும் திரும்ப பதியலன்னு பாத்துக்கங்க, விட்டு விட்டு வர்ற ஃபால்ட்டு லைட்டா வர்றதுக்கு முன்னாடியே கோடா அங்க உக்காந்திருக்கும்.